தந்தையின் சமாதியை விற்காத தலைவர்

1871-ம் ஆண்டு. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு கூடாரத்தில் முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. பேச்சு தளர்ந்துவிட்டது.

அவர் ஒரு பழங்குடிக் கூட்டத்தின் தலைவர். மகனை அருகே அழைத்தார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தம் உடலைத் தாங்கப்போகும் அந்த மண்ணை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்று கேட்டார்.

மகன் வாக்குக் கொடுத்தார். தந்தை நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அந்த மகனுக்கு அப்போது வயது 31. அவர் பெயர் ஜோசப். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் 33 ஆண்டுகள் போராடினார். ஊரை இழந்தார். தம்பியை இழந்தார். பெற்ற பிள்ளைகளை இழந்தார். ஆனால், நிலத்தை எழுதிக் கொடுக்கும் கையெழுத்தை மட்டும் கடைசிவரை போடவே இல்லை!

பசித்தவருக்குச் சோறு போட்டவர்கள்

ஜோசப்பின் இனத்தாருக்கு நெஸ் பெர்ஸ் என்று பெயர். மூக்குக் குத்தியவர்கள் என்பது இதன் பொருள். பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த பெயர் இது. அவர்கள் தங்களை நிமீபு என்று அழைத்துக்கொண்டார்கள்.

ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்பார்கள். புல்வெளிகளில் காமஸ் என்னும் கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். குதிரை வளர்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

1805-ம் ஆண்டில், லூயிஸ், கிளார்க் என்ற இரு வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டத்தோடு மலையைத் தாண்டி வந்தார்கள். நாட்டை ஆராய அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய கூட்டம் அது. பசியால் வாடி வந்தவர்களுக்கு நெஸ் பெர்ஸ் மக்கள் சாப்பாடு போட்டார்கள். கடல்வரை போய்த் திரும்பும்வரை அவர்களுடைய குதிரைகளையும் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் எழுபது ஆண்டுகள் வெள்ளையரோடு அவர்கள் போர் செய்ததே இல்லை.

ஜோசப் பிறந்தது 1840-ம் ஆண்டில். வல்லாவா என்னும் பள்ளத்தாக்கு அவருடைய கூட்டத்தாரின் நிலம். அது இன்றைய ஒரேகன் மாநிலத்தில் இருக்கிறது. மலையில் உருண்டோடும் இடி என்பது அவருடைய சொந்தப் பெயரின் பொருள். பாதிரியார் ஒருவர் தந்தைக்கு ஞானஸ்நானம் செய்து ஜோசப் என்று பெயர் வைத்தார். மகனையும் அதே பெயரால் வெள்ளையர் அழைத்தார்கள். அந்தப் பெயரே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

முதல் உடன்படிக்கை

கிழக்கே இருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் வண்டி வண்டியாக வந்தன. வந்தவர்களுக்கு நிலம் வேண்டும். பழங்குடிகளிடம் நிலத்தை எழுதி வாங்க அரசாங்கம் முனைந்தது.

1855-ம் ஆண்டு கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ் பல இனத் தலைவர்களை வல்லா வல்லா என்ற இடத்தில் கூட்டினார். பல நாட்கள் பேச்சு நடந்தது. முடிவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

அதன்படி நெஸ் பெர்ஸ் மக்கள் தங்கள் நாட்டில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தார்கள். சுமார் 75 லட்சம் ஏக்கர் அவர்களுக்கே சொந்தம் என்று எழுதப்பட்டது. விட்டுக் கொடுத்த பகுதியிலும் வழக்கமான துறைகளில் மீன் பிடிக்கலாம் என்றும் எழுதப்பட்டது. வல்லாவா பள்ளத்தாக்கு அவர்களுக்கு உரிய எல்லைக்குள் பத்திரமாக இருந்தது. அதனால் ஜோசப்பின் தந்தையும் கையெழுத்திட்டார்.

பெரிய அரசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. இனி என்ன கவலை என்று அவர் நினைத்தார்.

ஐந்தே ஆண்டுகள்தான்!

தங்கம் வந்தது, வினை வந்தது

1860-ம் ஆண்டு அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான வெள்ளையர் மண்வெட்டியும் கையுமாக உள்ளே புகுந்தார்கள். உடன்படிக்கைப்படி அவர்களைத் தடுத்திருக்க வேண்டியது அரசாங்கம். அது தடுக்கவில்லை. புகுந்தவர்களுக்கு ஏற்றபடி உடன்படிக்கையையே மாற்ற நினைத்தது.

1863-ம் ஆண்டு மறுபடியும் தலைவர்களைக் கூட்டினார்கள். 75 லட்சம் ஏக்கர், சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும் என்றார்கள். ஜோசப்பின் தந்தை மறுத்தார். வேறு பல தலைவர்களும் மறுத்துவிட்டு வெளியேறினார்கள்.

பிறகு யார் கையெழுத்துப் போட்டது?

பேச்சில் வல்லவர் ஒருவர் இருந்தார். அதனால் வெள்ளையர் அவரை வக்கீல் என்றே அழைத்தார்கள். அவரும் அவரோடு 51 பேரும் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலோர் போட்டது வெறும் பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டு மாதிரி!

சுருங்கிய எல்லைக்குள்தான் அவர்களுடைய வீடு வாசல் இருந்தது. அவர்களுக்கு நஷ்டம் இல்லை. எல்லைக்கு வெளியே போனது மற்றவர்களின் நிலம்.

அண்ணன் தம்பி இருவர் தனித் தனியாகப் பாகம் பிரித்து வாழ்கிறார்கள். தம்பியின் தோட்டத்துக்கு அண்ணன் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் செல்லுமா? செல்லாது. ஆனால் செல்லும் என்று சொன்னது அமெரிக்க அரசாங்கம்.

நெஸ் பெர்ஸ் மக்களிடம் ராஜா கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர். ஒருவர் பேச்சு மற்றவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெள்ளையருக்கு இது சரிப்படவில்லை. பேரம் பேச ஒரே ஆள் வேண்டும். ஆகவே இனம் முழுவதற்கும் ஒரு பெரிய தலைவர் என்ற பதவியை அவர்களே உண்டாக்கினார்கள். அந்தப் பதவியில் இருந்தவரின் கையெழுத்து எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று வாதித்தார்கள்.

ஜோசப்பின் தந்தை தம் நிலத்தைச் சுற்றி எல்லைக் கம்பங்கள் நட்டார். சர்க்கார் கொடுக்கும் கம்பளி முதலிய இனாம் எதையும் வாங்கக் கூடாது என்று தம் மக்களுக்குச் சொல்லி வைத்தார். இன்று கம்பளி வாங்கினால், நாளை அதையே நிலத்தின் விலை என்று சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கொடுத்ததும் எடுத்ததும்

தந்தை இறந்தபின் ஜோசப் தலைவரானார். அவருக்குச் சண்டையில் நாட்டம் இல்லை. பேச்சில்தான் நம்பிக்கை. அதிகாரிகளிடம் பொறுமையாக, திரும்பத் திரும்ப ஒன்றையே எடுத்துச் சொன்னார். இந்த நிலத்தை என் தந்தை விற்கவில்லை, நானும் விற்கவில்லை, விற்காத நிலம் எப்படி உங்களுடையதாகும் என்பதே அவர் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருந்தது. 1873-ம் ஆண்டு ஜனாதிபதி கிராண்ட் வல்லாவாவில் ஒரு பகுதியைப் பழங்குடி மக்களுக்கே ஒதுக்கி உத்தரவிட்டார்.

ஆனால் குடியேறிய வெள்ளையர் கூச்சல் போட்டார்கள். ஒரேகன் கவர்னரும் எதிர்த்தார். 1875-ம் ஆண்டு அதே ஜனாதிபதி அதே உத்தரவை ரத்து செய்துவிட்டார்!

மறு ஆண்டு, ராணுவ அதிகாரி ஹென்றி கிளே உட் பழைய பத்திரங்களை எல்லாம் ஆராய்ந்தார். 1863-ம் ஆண்டு உடன்படிக்கை, அதில் கையெழுத்திடாத ஜோசப்பின் கூட்டத்தாரைக் கட்டுப்படுத்தாது என்று எழுதினார். அரசாங்கத்தின் சொந்த அதிகாரியே சொன்ன தீர்ப்பு அது. என்ன பயன்? அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முப்பது நாள் கெடு

1877-ம் ஆண்டு மே மாதம் லாப்வாய் என்ற இடத்தில் கடைசிப் பேச்சு நடந்தது. அரசாங்கத்தின் சார்பில் வந்தவர் தளபதி ஹோவர்ட்.

ஜோசப்போடு மற்றக் கூட்டத் தலைவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் துஹூல்ஹூல்சோட் என்ற முதியவர் தளபதியோடு வாதாடினார். பூமி யாருக்கும் விற்கிற பொருள் அல்ல என்பது அவர் வாதம். தளபதிக்குக் கோபம் வந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்த முதியவரைப் பிடித்துக் காவலில் போட்டுவிட்டார்!

பேச்சு அதோடு முடிந்தது. 30 நாளில் எல்லோரும் லாப்வாய் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பட்டாளம் வரும் என்று கெடு வைத்தார்கள்.

ஜோசப்பிடம் ஆள் பலம் இல்லை. பெண்களையும் குழந்தைகளையும் நினைத்துப் பார்த்தார். போரை விட, மனம் நொந்து வெளியேறுவதே மேல் என்று முடிவு செய்தார்.

அது பனி உருகும் காலம். ஸ்நேக் ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடியது. தோலால் பரிசல் போலச் செய்து, முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். மனிதர் ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஏராளமான ஆடு மாடுகளும் குதிரைகளும் வெள்ளத்தோடு போய்விட்டன.

இன்னும் சில நாட்கள் பொறுத்திருந்தால் புதிய எல்லைக்குள் நுழைந்திருப்பார்கள். அதற்குள் வேறொரு கூட்டத்து வாலிபர்கள் சிலர் பொறுமை இழந்தார்கள். தங்கள் உறவினரைக் கொன்ற வெள்ளையரைப் பழிவாங்கக் கிளம்பினார்கள். குடியேறியவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

அப்போது ஜோசப் அந்த இடத்திலேயே இல்லை. இறைச்சிக்காக மாடு கொண்டுவர ஆற்றுக்கு அப்பால் போயிருந்தார். அவர் மனைவிக்கு அந்த நாட்களில்தான் பெண் குழந்தை பிறந்தது. திரும்பி வந்த ஜோசப்பை எதிர்கொண்டது போர்!

ஆயிரத்து நூற்று எழுபது மைல்

ஜூன் 17. ஒயிட் பேர்ட் என்ற கணவாயில் பட்டாளம் தாக்கியது. 34 சிப்பாய்கள் மாண்டார்கள். நெஸ் பெர்ஸ் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஆனால் வெற்றியால் பயன் இல்லை என்பது தலைவர்களுக்குத் தெரியும். இன்னும் பெரிய படைகள் வரும். ஆகவே ஊரை விட்டுப் புறப்பட்டார்கள்.

மொத்தம் சுமார் 750 பேர். அவர்களில் சண்டை போடக்கூடியவர்கள் ஏறக்குறைய 250 பேர்தான். மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்களைத் துரத்திய சிப்பாய்களோ சுமார் 2,000 பேர்.

மலை ஏறினார்கள். காடு கடந்தார்கள். எல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்காவின் வழியாகவும் போனார்கள்.

இந்தப் போரை நடத்திய மாவீரர் ஜோசப் ஒருவரே என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அது சரியல்ல. சண்டையை நடத்தியவர்கள் ஜோசப்பின் தம்பி ஒல்லோகோட், லுக்கிங் கிளாஸ் முதலான பல தலைவர்கள். ஜோசப்பின் வேலை முகாமைக் காப்பது. பெண்களையும் குழந்தைகளையும் குதிரைகளையும் பத்திரமாக நடத்திச் செல்வது. அது வாள் பிடிப்பதைவிடச் சின்ன வேலையா?

ஆகஸ்டு 9. பிக் ஹோல் என்ற இடத்தில் எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடியும் நேரத்தில் பட்டாளம் பாய்ந்தது. 60 முதல் 90 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும். மிஞ்சியவர்கள் அழுதுகொண்டே மேலும் நடந்தார்கள்.

இப்போது ஒரே நம்பிக்கைதான். வடக்கே கனடா எல்லையைத் தாண்டிவிட்டால் அமெரிக்கப் பட்டாளம் தொட முடியாது.

சுமார் 1,170 மைல் பாதை. எல்லைக்கு இன்னும் 40 மைலே பாக்கி! களைத்துப்போன மக்கள் கரடிப்பாதம் என்னும் மலையடிவாரத்தில் தங்கினார்கள். செப்டம்பர் 30-ந் தேதி காலை, தளபதி மைல்ஸ் புதிய படையோடு வந்து வளைத்துக்கொண்டார்.

பனி கொட்டியது. மண்ணில் குழி தோண்டி அதற்குள் பதுங்கிக் கிடந்தார்கள். தம்பி ஒல்லோகோட் மாண்டார். காவலில் கிடந்த முதியவர் மாண்டார். லுக்கிங் கிளாசும் மாண்டார். குளிரில் குழந்தைகள் விறைத்தன.

அக்டோபர் 5-ந் தேதி ஜோசப் தம் துப்பாக்கியைத் தளபதி மைல்சிடம் ஒப்படைத்தார்.

காற்றில் போன வாக்கு

சரணடைந்தால் லாப்வாய்க்குத் திருப்பி அனுப்புவதாக மைல்ஸ் வாக்களித்திருந்தார். அதை நம்பித்தான் ஜோசப் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

மேலிடம் அந்த வாக்கை ஏற்கவில்லை. சரணடைந்த நானூறுக்கும் மேற்பட்டவர்களைத் தெற்கே கொண்டு போனார்கள். முதலில் கான்சாஸ். பிறகு, இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தில் இருந்த பழங்குடிப் பகுதி. குளிர்ந்த மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு வெயிலும் மலேரியாவும் எமனாக வந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். குழந்தைகளைப் புதைக்க அங்கே தனி இடுகாடே வேண்டியிருந்தது.

வாக்குக் கொடுத்த மைல்சும் சும்மா இருக்கவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

1879-ம் ஆண்டு ஜனவரியில் ஜோசப் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். ஜனாதிபதி ஹேஸைக் கண்டார். சட்டசபை உறுப்பினர்களும் வெளிநாட்டுத் தூதர்களும் நிறைந்த சபையில் பேசினார். அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை வந்தது. குதிரை வியாபாரத்தை உதாரணம் காட்டி, அடுத்தவன் பொருளை விற்க ஒருவனுக்கு உரிமை இல்லை என்று அதில் விளக்கியிருந்தார். எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மக்கள் மனம் இளகியது. மனுக்கள் குவிந்தன. ஆனாலும் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1885-ம் ஆண்டு, எஞ்சியிருந்த 268 பேரை ரெயிலில் வடக்கே அனுப்பினார்கள்.

அவர்களில் 118 பேர் லாப்வாய்க்குப் போனார்கள். ஜோசப் உட்பட மற்ற 150 பேரும் வாஷிங்டன் மாநிலப் பகுதியில் உள்ள கோல்வில் என்ற வேறு இனத்தாரின் இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வல்லாவாவுக்குப் போக ஒருவருக்கும் அனுமதி இல்லை.

கையெழுத்திட்டவர்கள் கதி

கையெழுத்துப் போட்டவர்களாவது சுகமாக இருந்தார்களா? அதுதான் இல்லை!

1889-ம் ஆண்டு முதல் லாப்வாய் நிலத்தையும் ஆளுக்கு இவ்வளவு என்று துண்டு போட்டார்கள். மிச்சம் இருந்த 5 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. 1895-ம் ஆண்டு அதை வெள்ளையர் குடியேறத் திறந்துவிட்டது.

அப்போது ஜோசப்புக்கும் அங்கே ஒரு துண்டு கிடைக்க வழி இருந்தது. அவர் ஏற்கவில்லை. வேறு இடத்தில் நிலம் வாங்கினால், வல்லாவா வேண்டாம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? அன்று தந்தை கம்பளி வாங்க மறுத்தார். இன்று மகன் நிலம் வாங்க மறுத்தார்.

தந்தையின் சமாதியில்

ஜோசப்புக்கு வயது 60 ஆயிற்று. 1900-ம் ஆண்டு, அரசாங்க அதிகாரி மக்லாக்லின் என்பவரோடு வல்லாவா சென்றார். நிலத்தை இனாமாகக் கேட்கவில்லை. ஒரு பகுதியை விலைக்கு வாங்கித் தரும்படி கேட்டார். விற்காத நிலத்தை விலை கொடுத்து வாங்கக்கூடத் தயாராக இருந்தார்!

குடியேறியிருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. அதிகாரியும் சிபாரிசு செய்யவில்லை.

தந்தையின் சமாதிக்குப் போனார். அதைச் சுற்றி நல்ல வேலி போட்டிருந்தது. இரக்கமுள்ள ஒரு வெள்ளைக்காரர் செய்த காரியம் அது. அதைப் பார்த்ததும் ஜோசப் அழுதுவிட்டார்.

1903-ம் ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டையும் பார்த்துக் கேட்டார். பலன் இல்லை.

1904-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, கோல்வில் பகுதியில் நெஸ்பெலம் என்ற ஊரில், தம் கூடாரத்தில் நெருப்பின் முன் உட்கார்ந்திருந்தபோது ஜோசப்பின் உயிர் பிரிந்தது. நெஞ்சு வெடித்து இறந்தார் என்று டாக்டர் சொன்னதாகக் கூறுவார்கள். அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. நெஸ்பெலத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தந்தை ஓரிடம், மகன் ஓரிடம்.

மண் திரும்பியது

ஜோசப்பின் போராட்டம் வீண்தானா?

1855-ம் ஆண்டு உடன்படிக்கை சாகவில்லை. அதில் எழுதிய மீன் பிடிக்கும் உரிமையை நெஸ் பெர்ஸ் மக்கள் இன்றும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். நீதிமன்றங்களும் அத்தகைய உடன்படிக்கை உரிமைகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன.

1997-ம் ஆண்டு, வல்லாவாப் பகுதியில் சுமார் 10,300 ஏக்கர் நெஸ் பெர்ஸ் மக்களின் கைக்கு வந்தது.

வல்லாவாவில் ஜோசப்பின் பெயராலேயே ஓர் ஊர் இருக்கிறது. அவரைக் குடியிருக்க விடாத பள்ளத்தாக்கில் அவர் பெயரில் ஊர்! 2020-ம் ஆண்டு டிசம்பரில், அந்த ஊரில் 148 ஏக்கர் நிலத்தை நெஸ் பெர்ஸ் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அவர்களுடைய முன்னோர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய நிலம் அது.

மறு ஆண்டு ஜூலை மாதம் அவர்கள் குதிரைகளில் ஏறி அந்த நிலத்துக்கு வந்தார்கள். பாட்டிகள் வந்தார்கள். பேரக் குழந்தைகள் வந்தார்கள். ஜோசப்பின் மக்கள் வல்லாவாவை விட்டுப் போய் அப்போது 144 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில், வல்லாவா ஏரிக்கரையில், ஜோசப்பின் தந்தையுடைய சமாதி இருக்கிறது. 1926-ம் ஆண்டு அவருடைய எலும்புகளை அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணை அவர் மகன் விற்கவே இல்லை.